தலையணை உறையில் மூன்றாவது ஆள்

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்டி."

"கேளுங்கக்கா."

"இப்ப வேணாம். இப்ப கேட்டா, சாகப்போறவளாச்சேன்னு பாவம் பார்த்துச் சரின்னுடுவ. அப்புறமா கேக்கறேன்."

"அப்புறம்னா எப்ப?"

அக்கா சிரித்தாள். வலித் தைலம் மணக்கும் விரல்களால் இவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

அதுதான் கடைசிப் பேச்சு. மறுநாள் விடியுமுன் அந்த மருத்துவமனைக் கட்டிலில் புது விரிப்புப் போட்டுவிட்டார்கள்.

தடயவியல் ஆய்வகத்தில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கூடப் பிறக்காத அக்கா. அவள் போனபின், மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த அவள் கணவரை இவள் மணந்துகொண்டாள். பரிதாபப்பட்டுக் கட்டிக்கொண்டாள் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

பரிதாபமெல்லாம் இல்லை. மழை நாட்களில் அக்காவை அழைத்துப்போக அவர் ஆய்வக வாசலுக்கு வருவார். குடையை முழுக்க அக்கா பக்கம் சாய்த்துப் பிடித்து, தன் தோள் சொட்டச் சொட்ட நடப்பார். ஜன்னலோரம் நின்று அதைப் பார்த்து வயிறெரிந்தவள் இவள். அந்தக் குடை தனக்குச் சாய வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

இப்போது அவர் இவளோடு நடக்கும்போது குடையை நேராகப் பிடித்தார். இருவர் தோளும் நனைந்தது.

நடுவில் மட்டும் நனையவில்லை.

கட்டிலிலும் அப்படித்தான். அவர் சுவரோரம் ஒண்டிப் படுப்பார். இருவருக்கும் ஒரே நீளத் தலையணை. காலையில் அதன் நடுவே ஒரு குழி இருக்கும். பஞ்சு சரியில்லை என்று தட்டித் தட்டி வைத்தாள். பிறகு அந்த வாசனை வந்தது.

"என்னங்க, தைலம் தேச்சீங்களா?"

"இல்லையேம்மா. நீ தேச்சியாக்கும்னு நெனச்சேன்."

முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிற மாதிரி இல்லை. ஆனால் கொஞ்ச நாளாகவே தூக்கத்தில் சிரிக்கிறார். மாடிவீட்டுப் பாட்டு டீச்சரின் கண்ணாடிக்குக் காசு வாங்காமல் கால் மாற்றித் தந்திருக்கிறார். அந்த டீச்சருக்கு எந்நேரமும் தலைவலி வேறு.

தலைவலிக்காரி என்ன தடவுவாள்?

இவளுக்குத் தலைக்குள் தீப்பிடித்தது. மற்ற பெண்களாக இருந்தால் சண்டை பிடித்திருப்பார்கள். இவள் தலையணை உறையைக் கழற்றி, தாள் உறையிலிட்டு ஒட்டி, ஆய்வகத்துக்கு எடுத்துப் போனாள்.

பொருள்களை வாங்கி வைக்கும் ஊழியருக்கு 'முத்திரை' என்று பட்டப்பெயர். அரக்கு முத்திரை இல்லாமல் அவரிடம் ஒரு குண்டூசிகூட உள்ளே போகாது.

"என்ன மேடம், தலகாணி மேலயும் கேஸ் போட ஆரம்பிச்சிட்டாங்களா?"

"பழகிப் பார்க்கத்தான் சார். கேஸ் இல்ல."

அவர் உறையை மூக்கருகே கொண்டுபோனார். சிரிப்பு நின்றது. "நம்ம பெரிய மேடம் தைலம் மாதிரி இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தந்தார். அக்காவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

பலர் தொட்ட ஒரு பொருளில் பலரின் டி.என்.ஏ. ஒன்றாகக் கலந்து கிடக்கும். திரையில் மேடும் பள்ளமுமாக வரும் அந்தக் கலவையை ஆள் ஆளாகப் பிரித்து, இவர் பங்கு இவ்வளவு என்று சொல்வது மென்பொருளின் வேலை. ஆனால் மொத்தம் எத்தனை பேர் என்பதை மனுஷிதான் முதலில் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால், சொன்ன தொகைக்குள் எல்லோரையும் திணிக்கப் பார்க்கும்.

'இரண்டு' என்று தட்டினாள். சின்னச் சட்டையை இழுத்துப் பிடித்துப் பொத்தான் போட்டதுபோல விடை வந்தது. எதுவும் பொருந்தவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு 'மூன்று' என்றாள்.

அழகாகப் பொருந்தியது. அவர். இவள். கொஞ்சூண்டு, இன்னொருவர்.

பெண்.

"மாட்டினியா," என்று பாட்டு டீச்சரைக் கறுவினாள்.

எந்த விடையையும் ஊழியர்களின் டி.என்.ஏ. பதிவுகளோடு ஒப்பிட்டுவிட வேண்டும் என்பது ஆய்வக விதி. தும்மலும் வியர்வையும் சாட்சியத்தில் கலந்துவிடக்கூடாதே. பழக்க தோஷத்தில் அந்தப் பொத்தானையும் அழுத்தினாள்.

இவள் பெயர் வந்தது. அது வரத்தானே வேண்டும்.

அதன் கீழே அக்காவின் பெயர் வந்தது. அவள் பதிவை யாரும் நீக்கியிருக்கவில்லை. அந்த மூன்றாவது ஆள் அக்காவாக இருந்தால் இந்தக் கலவை கிடைக்கும் வாய்ப்பு, முன்பின் தெரியாத யாரோவாக இருப்பதைவிடப் பல கோடி மடங்கு அதிகம் என்றது மென்பொருள்.

பயம் வரவில்லை. வந்தது பொறாமை.

பழைய மெத்தை, பழைய சட்டை, எதிலிருந்தோ ஒட்டியிருக்கிறாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதற்காகவே எல்லாவற்றையும் ஒழித்துக்கட்டினாள். புது மெத்தை வந்தது. புதுத் தலையணை வந்தது. அவர் சட்டைகளைக்கூட மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டாள்.

"அந்த நீலச் சட்டை அவ எடுத்தது," என்றார் அவர், மெதுவாக.

"அதனாலதான்."

புது உறையையும் சோதித்தாள். அக்காவின் பங்கு கூடியிருந்தது.

அவர் பங்கு அப்படியே இருந்தது. குறைந்தது இவள் பங்கு.

மூன்றாவது உறையைச் சோதித்தபோது, மூன்று பேர் என்றால் மென்பொருள் திணறியது. 'இரண்டு' என்று மாற்றினாள். கச்சிதமாகப் பொருந்தியது.

அவர். அக்கா.

தினமும் தலைவைத்துப் படுத்த உறையில் இவள் இல்லை.

மதியமே வீட்டுக்கு வந்துவிட்டாள். வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. கடை விடுமுறை. அவர் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தார். தலையணையின் நடுவே அந்தக் குழி வழக்கம்போல இருந்தது.

இது என் வீடு. என் புருஷன். என் இடம்.

ஈரப் புடவையோடு நடுவில் போய்ப் படுத்தாள். அவர் முதுகோடு ஒட்டி, சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். தலையணையில் முகத்தைத் தேய்த்தாள். நெற்றியை, கன்னத்தை, உதட்டை. ஒட்டட்டும். என்னுடையது ஒட்டட்டும்.

அவர் தூக்கத்திலேயே சுவரை நோக்கி இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். பிடி நழுவியது.

இடம் விடுகிறார்.

"என்னங்க..."

அவர் சிரித்தார். கண் திறக்கவில்லை.

தைலம் மணந்தது.

இவளுக்கும் அவருக்கும் நடுவே தலையணை மெல்ல அமுங்கியது. ஒரு தலையின் அளவுக்கு. மெத்தை தாழ்ந்தது. ஏதோ ஒரு கனம் இவளைப் பொறுமையாக நெருக்கித் தள்ளியது. மரச் சட்டம் இவள் முதுகை அழுத்தியது. அதற்குப் பின்னால் தரைதான்.

கன்னத்தில் குளிர்ந்த விரல்கள். செல்லமாகக் கிள்ளின.

"அப்புறம் கேக்கறேன்னேனே, ஞாபகமிருக்காடி?"

கத்த வாய் திறந்தாள். காற்றுகூட வரவில்லை.

"கொஞ்சம் தள்ளிப் படு."