ஃபில்டரை மாற்றாதீர்கள்

2001 ஏப்ரலில் சந்தானத்துக்கு அலிப்பூரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அதைக் காலி செய்துகொண்டு நாக்பூர் போகும் மஹாதேவன் குடும்பம் சாமான்களையெல்லாம் லாரியில் ஏற்றிவிட்டு, படுக்கையறைச் சுவரில் பதித்திருந்த ஜன்னல் ஏ.சி.யை மட்டும் விட்டுவிட்டது. மாற்றலாகிப் போகிறவர்கள் வருகிறவர்களுக்கு எதையாவது விட்டுப்போவது அங்கே வழக்கம். கீழ்வீட்டில் தனியாக இருந்த அதிகாரி ஒருவர் அதைக் கேட்டாராம். தரவில்லையாம்.

சாவியைக் கொடுக்க மஹாதேவனின் மனைவி அனந்தலக்ஷ்மி காத்திருந்தாள். சந்தானத்தின் மனைவி வசுமதியோடு பேசினாலும் அவள் கண்கள் சஹானாவின் மேல்தான் இருந்தன. சஹானாவுக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்து மூச்சிழுப்பு. அது தீர வேண்டுமென்று போன மாதம் திருப்பதியில் மொட்டை போட்டிருந்தார்கள். அனந்தலக்ஷ்மி அந்த மொட்டைத் தலையை மெல்லத் தடவினாள்.

"பொண் குழந்தை. நல்லதாப் போச்சு," என்றாள்.

படி இறங்கும்போது நின்று திரும்பினாள். "பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் ஃபில்டரை அலம்பிப் போட்டுடுங்கோ. புதுசு மாத்திடாதேங்கோ. அந்தப் பழசுதான் சரியா உக்காரும்."

சஹானாவின் இழுப்பு வசுமதிக்கு மனப்பாடம். இரண்டு சின்ன விக்கல், பிறகு நூல் மாதிரி நீளும் ஒரு விசில். ஆறு வருடமாக அதைக் கேட்டுக்கொண்டுதான் அவள் தூங்கினாள், சமைத்தாள். முடி வளரும்வரை உபயோகமில்லை என்று சஹானா தன் சிவப்புப் பள்ளிக்கூட ரிப்பனை ஏ.சி.யின் முகப்பில் கட்டிவிட்டாள். குளிர்காற்றில் அது நாள் முழுவதும் படபடத்தது.

முதல்முறை ஃபில்டரை அலம்பியபோது சாம்பல்நிறப் பஞ்சோடு நீளமான முடிகள் வந்தன. மெல்லிய, நேரான முடிகள். வசுமதிக்குச் சுருட்டை முடி. ஈர வலையிலிருந்து யூகலிப்டஸ் தைல வாசனை அடித்தது. அந்த வீட்டில் யாரும் தைலம் தடவுவதில்லை. அந்த நெடி சஹானாவுக்கு ஆகாது.

இரண்டாவது முறையும் அதே முடி. அதே வாசனை.

ஒரு மத்தியானம் லோட்ஷெட்டிங்கில் ஏ.சி. நின்றது. ரிப்பன் மட்டும் நிற்கவில்லை. மெதுவாக உள்ளே இழுபட்டது. மெதுவாக வெளியே வந்தது. மறுபடி உள்ளே.

வெளிக்காற்றாக இருக்கும் என்று வசுமதி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெளியே ஒரு இலைகூட அசையவில்லை.

மே மாதம் இழுப்பு முற்றியது. டாக்டர் முதலில் கேட்டதே வீட்டில் ஏ.சி. இருக்கிறதா என்றுதான். பழைய ஃபில்டரை அலம்பிப் பயனில்லை, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாற்றுங்கள் என்றார். அனந்தலக்ஷ்மி சொன்னதை வசுமதி நினைவுபடுத்தியபோது சந்தானம் சிரித்தான். "ஒரு ஃபில்டர் மேல அந்த மாமிக்கு அவ்வளவு பாசமா?"

சாந்தினி மார்க்கெட்டிலிருந்து அளவுக்கு வெட்டிய புது வலை வாங்கி வந்து மாட்டினான். மறுநாள் காலை குப்பை வண்டிக்காரன் விசில் ஊதியதும் வசுமதி பழையதைக் கொண்டுபோய்ப் போட்டாள்.

அன்று நான்கு மணிக்கு, அந்த ஊர்க் கோடைப் புயலான கால்பைசாகி வந்தது. பகல் ஒரே நொடியில் இருண்டது. ஜன்னல்களை அடைத்துவிட்டு வரும்போது மின்சாரம் போயிற்று. படுக்கையில் சஹானா இழுத்துக்கொண்டிருந்தாள். அறையெங்கும் தைல வாசனை.

கூடத்தில் போன் மணி அடித்தது. இழுப்புச் சத்தம் காதில் விழட்டும் என்று அறைக்கதவைத் திறந்து வைத்துவிட்டு எடுத்தாள்.

"ஃபில்டரை மாத்திட்டேளா?" அனந்தலக்ஷ்மி. "காத்தாலேந்து எனக்கு மூச்சு முட்டறது."

வசுமதி மாற்றியதைச் சொன்னாள். அனந்தலக்ஷ்மி அழாமல், ஏதோ சமையல் குறிப்புச் சொல்வதுபோல, சொல்லத் தொடங்கினாள். அவள் பெண் தேவிப்ரியாவுக்கும் இழுப்பு. இரண்டு வருடம் முன்பு, இதேபோல் ஒரு லோட்ஷெட்டிங்கில், அந்த அறையில்தான் மூச்சு நின்றது. மறுவாரம் ஃபில்டரில் அவள் முடி வந்தது.

"அப்புறம் பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் அவளுக்குத் தலைக்கு விடற மாதிரிதான் அலம்பினேன். அவரானா எடுத்துண்டு வரப்படாதுன்னுட்டார். தனியா விட்டுட்டுப் போக மனசு வரலை. குழந்தை இருக்கறவா வரணும்னு காத்துண்டிருந்தேன்."

மழை ஜன்னலில் அறைந்தது.

"இப்ப அவ எங்க தங்குவா?" என்றாள் அனந்தலக்ஷ்மி.

அப்போதுதான் வசுமதிக்கு அது உறைத்தது. அறையில் இழுப்புச் சத்தம் இல்லை.

ஆறு வருடத்தில் முதல்முறையாக.

திரும்பினாள். அறை வாசற்படியில் சஹானா நின்றிருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. தைலம் மணத்தது.

"மாமி," என்றாள் மரியாதையாக. "போனைத் தாங்கோ. எங்கம்மா பேசறா."

ரிசீவர் கை நழுவியது. குழந்தை அதைப் பிடித்துக் காதில் வைத்துக்கொண்டு சிரித்தது.

வசுமதி அறைக்குள் ஓடினாள். படுக்கை காலி. ஏ.சி. செத்துக் கிடந்தது. சிவப்பு ரிப்பன் புது ஃபில்டரின் முன்னால் இரண்டு முறை சட்டென்று துள்ளியது. பிறகு நீளமாக உள்ளே இழுபட்டது.

இரண்டு விக்கல். ஒரு விசில்.

நுரையீரல் சுத்தமாகிவிட்டது என்று டாக்டர் மெச்சினார். சந்தானம் திருப்பதிக்கு நன்றிக் காணிக்கை அனுப்பினான். குழந்தைக்கு முடி மெல்லியதாக, நேராக வளர்ந்தது. வசுமதியை அம்மா என்று கூப்பிடவும் பழகிக்கொண்டது, சந்தானம் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

மறு வருடக் கோடையில் போன் பில்லைப் பார்த்த சந்தானம், ஓயாமல் நாக்பூருக்குப் போன் செய்து பேச உனக்கு அப்படி என்ன இருக்கிறது என்று மகளைக் கடிந்துகொண்டான். அதே மூச்சில், ஃபில்டர் பழசாகிவிட்டது, புதிது வாங்கி வருகிறேன் என்றான்.

தாழ்வாரத்தில் தரையில் உட்கார்ந்து, மடியில் ஈர ஃபில்டரை வைத்து, வசுமதி வலைக்கண்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"வேண்டாம்," என்றாள். "இதுதான் சரியா உக்காரும்."

அவள் மடியில் ஏதோ இரண்டு முறை விக்கியது.