அசைஞ்சா ஊசி

முதுகோடு சட்டை ஒட்டிக்கொள்ளும் அந்த மத்தியான வெக்கையில் அந்த வீட்டு மின்விசிறி ஓடவில்லை. மின்சாரம் இருந்தது; ஸ்விட்ச் பலகையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விசிறியின் மூன்று இறக்கைகளையும் துணிக்கயிற்றால் இழுத்து ஜன்னல் கம்பியோடு கட்டியிருந்தார்கள்.

"ஃபேன் ரிப்பேரா அம்மா?" என்று கேட்டாள் நர்ஸ். வலிப்பு நோயாளிகளை வீட்டுக்கே வந்து பார்த்துப் போவது அவள் வேலை.

"சுத்துறதப் பாத்தா பாப்பாவுக்கு வந்துரும், நர்ஸம்மா." ரகசியம் சொல்கிற குரல். நர்ஸ் உள்ளே வந்ததும் அம்மா கதவைச் சாத்தி, தாழ்ப்பாளில் பூட்டையும் மாட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "காத்துல கதவு அடிச்சுக்கும். அதான்."

காற்று எங்கே அடித்தது? திரைச்சீலைகளின் கீழ் விளிம்பைச் சுவரோடு சேர்த்து ஆணியடித்திருந்தார்கள். கடிகாரத்தைக் கழற்றிய இடத்தில் வட்டமாக வெள்ளைத் தடம். மூலையிலிருந்த கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் துளிகூட அலுங்காமல் நின்றது. போன மாதம் அதில் இரண்டு மீன்கள் இருந்தன. ஸ்பிரிட் நெடியும் மூடிக்கிடந்த படுக்கையின் புழுக்கமும் கலந்த அந்த நடையைத் தாண்டும்போது, தன் செருப்புச் சத்தம்கூட இந்த வீட்டுக்குப் பிடிக்கவில்லை என்று நர்ஸுக்குத் தோன்றியது.

உள்ளறைக் கட்டிலில் பெண் மல்லாந்து கிடந்தாள். பத்தொன்பது வயது. ஆறு மாதத்துக்கு முன் அவளுக்கு வந்த வலிப்பு அரைமணி நேரம் விடவே இல்லை. எமன் வாசல்வரை போய்த்தான் திரும்பினாள். அதன் பிறகுதான் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் தொடையில் ஊசி போடச் சொல்லிக்கொடுத்தார்கள். நர்ஸே நேரில் செய்துகாட்டி, திருப்பிச் சொல்லவும் வைத்தாள். வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காவிட்டால் மட்டும். ஒரே ஒரு தடவை. உடனே ஆம்புலன்ஸுக்கு ஃபோன். மறுபடி போட்டால் மூச்சே அடங்கிவிடும்.

அம்மா எழுத்துப் பிசகாமல் ஒப்பித்திருந்தாள்.

நர்ஸ் போர்வையை விலக்கினாள். தொடை முழுக்க ஊசிப்புள்ளிகள். பழையவை மஞ்சளாக, புதியவை கறுஞ்சிவப்பாக. கட்டிலடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. உடைந்த மருந்துக் குப்பிகள் அதில் பாதிவரை கிடந்தன.

"அம்மா, எத்தனை போட்டீங்க?"

"வாய் கோணுச்சு, போட்டேன். அப்புறம் கால் விரல் அசைஞ்சுது. கொஞ்ச முன்னாடி சிரிச்சா."

"சிரிச்சாளா?"

"அது அவ சிரிப்பு இல்ல."

"இவ்ளோ மருந்து யாரு குடுத்தா?"

"பணத்த நீட்டினா கடைக்காரன் வாயத் தொறப்பானா? அன்னைக்கு அரைமணி நேரம் அவளத் துள்ளத் துடிக்கப் பாத்தது நானா நீயா? வந்துட்டா பெருசா சொல்ல."

நர்ஸ் பெண்ணின் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எழவில்லை. உதடுகள் நாவல்பழ நிறத்துக்கு மாறியிருந்தன. தோளை உலுக்கினாள். தலை துவண்டது. வெகுநேரம் கழித்து, கிணற்றடியிலிருந்து வருவதுபோல ஒரு மூச்சு.

பிறகு அதுவும் இல்லை.

பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். முகமூடி பொருத்திய ரப்பர் பையை எடுத்தாள்; அதை அமுக்கினால் நுரையீரலுக்குக் காற்று போகும். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு ஆம்புலன்ஸை அழைத்து விலாசம் சொன்னாள். இடது கையால் தாடையைத் தூக்கி முகமூடியை அழுத்திப் பிடித்தாள். வலது கையால் அமுக்கினாள்.

மார்பு எழுந்தது. தணிந்தது.

"வந்துட்டே இருக்கோம் சிஸ்டர், விட்றாதீங்க," என்றது ஃபோன்.

அம்மா அதை எடுத்து அணைத்தாள். "சத்தம் கேட்டா வந்துரும்."

"அம்மா, கதவத் தொறந்து வைங்க. உங்க கால்ல விழறேன்."

பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். குப்பியின் கழுத்து உடைகிற சத்தம்.

"பாரு. நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடுது."

"அது நான் அமுக்குறதால! காத்து போகுதும்மா! நான் நிறுத்தினா செத்துருவா!"

"பொய்."

மார்பு எழுந்தது.

"திரும்பவும் அசையுது."

நர்ஸ் கட்டிலில் ஏறினாள். பெண்ணின் தொடைகளுக்கு இருபுறமும் முழங்காலிட்டு முகத்தின் மேல் குனிந்தாள். தன் உடம்பால் மறைத்தாள். கைகள் நிற்கவில்லை. அமுக்கு. விடு. அமுக்கு. தெருவில் எங்கோ சைரன். நெருங்கியது. வாசலில் நின்றது.

கதவு தட்டப்பட்டது.

"உள்ள வாங்க! கதவ ஒடைங்க!" கத்தினாள்.

அம்மா வாசல் பக்கம் திரும்பவே இல்லை. நர்ஸின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் நடுங்கின. முழங்கை நடுங்கியது. தோள்வரை நடுங்கியது.

அம்மாவின் முகம் இளகியது.

"ஐயோ... உனக்கும் வந்துருச்சா கண்ணு?"

புஜத்தில் ஈரப் பஞ்சு. சில்லென்று. வட்டமாகத் துடைத்தது.

கையை எடுத்தால் பெண்ணுக்கு மூச்சில்லை.

எடுக்கவில்லை. அமுக்கினாள். கதவு அதிர்ந்தது. மார்பு எழுந்தது.

"ஆடாத," என்றாள் அம்மா, நர்ஸின் தலையை வருடியபடி. "அம்மா இருக்கேன்ல. ஆடாம இரு."