செருப்புக் கடை ஸ்டிக்கர்

ஒரு நகரத்தின் ஆன்மா அதன் கடைத்தெருக்களில் குடியிருக்கிறது. கடைத்தெருப் புத்துயிர்த் திட்டத்தின் முதல் வரியாக இதை எழுதிய அதிகாரி, அந்தத் தெருவில் ஒரு சீப்புகூட வாங்கியதில்லை.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள், இருட்டத் தொடங்கும் நேரத்தில், கடைசியாக ஒரு முறை பார்த்துவிட்டுப் போக வந்தார். காலையிலிருந்து நின்று நின்று கால் வீங்கிப்போயிருந்தது. தெருவில் அழகான நடைபாதை இருந்தது, அழகான விளக்குகள் இருந்தன, கடைகள்தான் இல்லை. நடைபாதைக்காகத் தோண்டிய பள்ளத்தை வருடக்கணக்கில் மூடாமல் போட்டதில் வாங்க வருகிறவர்கள் நின்றுபோனார்கள், பிறகு விற்கிறவர்களும். சாவி வெட்டும் அக்கா ஒருத்திதான் பாக்கி. நாளை மேயர் வரும்போது தெருவில் உயிர் தெரியாவிட்டால் அதிகாரியைச் சாக்கடைப் பிரிவுக்குத் தூக்கியடித்துவிடுவார்கள்.

அதனால் மூடிக்கிடந்த ஷட்டர்கள் மேலெல்லாம் பெரிய பெரிய ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லியிருந்தார். ஸ்டிக்கரில் திறந்த கடைகள், குவிந்த பழங்கள், சிரிக்கும் வியாபாரிகள். தூரத்திலிருந்து பார்த்தால் தெரு ஜேஜே என்று இருந்தது.

"செருப்புக் கடை மேல அவரு படத்தையே ஒட்டிட்டீங்களே சார்," என்றாள் சாவி அக்கா, பெட்டியைப் பூட்டிக்கொண்டே.

"எவரு? அது கம்ப்யூட்டர்ல போட்ட ஆளும்மா."

"கம்ப்யூட்டருக்கு அவரை எப்படித் தெரியும்? பள்ளம் தோண்டிக் கெடந்தப்பவும் தெனம் கடையத் தொறந்து வச்சு உக்காந்திருப்பாரு, யாராவது வரமாட்டாங்களான்னு. அந்த நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்துட்டாரு." குரலைத் தாழ்த்தினாள். "கிட்ட நிக்காதீங்க. வீட்டுக்குப் போங்க."

அவள் போய்விட்டாள்.

பசை வாடை. அதற்கு அடியில், லேசாக, புதுத் தோலின் வாடை.

படத்துப் பெரியவர் மண்டியிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயருகே ஸ்டிக்கரில் காற்றுக் குமிழ் ஒன்று. அதிகாரி உள்ளங்கையால் அழுத்தினார். அமுங்கியது. உப்பியது. மறுபடி அழுத்தினார். மறுபடி உப்பியது.

வெதுவெதுப்பாக இருந்தது.

ஓடத்தான் நினைத்தார். கால் கேட்கவில்லை. கடை முன்னால் திட்டத்தின் புது பெஞ்சு இருந்தது. யாரும் படுத்துவிடக் கூடாதென்று அவரே சரிவாகச் செய்யச் சொன்னது. அதில் சரிந்து உட்கார்ந்தார்.

"வாங்க சார்."

குரல் முழங்காலுக்குக் கீழேயிருந்து வந்தது.

ஷூ நாடா அவிழ்ந்தது.

"ரொம்ப வீங்கியிருக்கே. இந்த அளவு உங்களுக்கு ஆகாது."

குளிர்ந்த விரல்கள் குதிகாலைத் தாங்கிப் பிடித்தன. பழகிய கை. சொல்ல வெட்கம், ஒரு கணம் அதிகாரிக்குச் சுகமாகத்தான் இருந்தது.

"எத்தனை நாளாச்சு சார், ஒரு ஆள் வந்து..."

அப்போதுதான் அலறினார். ஒற்றை ஷூவோடு தெருமுனை வரை ஓடினார்.

மறுநாள் காலை அவருடைய எந்தச் செருப்பும் காலில் நிற்கவில்லை. மாட்ட மாட்ட, யாரோ பக்குவமாக உருவிவிட்டார்கள். கடைசியில் அகப்பட்டதைப் போட்டுக்கொண்டு விழாவுக்கு ஓடிவந்து, கூட்டத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றார்.

"அசல் கடை மாதிரியே இருக்கேய்யா!" என்றார் மேயர். "பாருங்க, படத்துல தரையில ஒரு பழைய ஷூகூடப் போட்டிருக்கான்!"

குதிகால் தேய்ந்த தன் ஷூவை அதிகாரி ஏற்கெனவே பார்த்துவிட்டார். படத்துப் பெரியவர் இன்று தரையைப் பார்க்கவில்லை. பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊர் பூரா இதே மாதிரி ஒட்டிடுங்க. இதைச் செஞ்ச அதிகாரியே பார்த்துக்கட்டும்."

கைதட்டல். அதிகாரி சாக்கடைப் பிரிவிலிருந்து தப்பினார்.

"உஸ்ஸப்பா, காலு விட்டுப்போச்சு," என்று மேயர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

யாரும் தொடாமலே, அவருடைய ஷூ நாடா மெல்ல நகர்ந்தது.

எழுந்திருங்கள் என்று கத்த அதிகாரி வாயைத் திறந்தார். கத்தினால் எல்லோரும் திரும்புவார்கள். அவரைப் பார்ப்பார்கள், மேலிருந்து கீழ்வரை. வாயை மூடிக்கொண்டார்.

அவர் காலில் இருந்தது மனைவியின் பூ வைத்த ரப்பர் செருப்பு.