இடப்பக்கத்துப் பால்

மத்தியானத் தூக்கத்திலிருந்து விழித்தபோது ரம்யாஸ்ரீயின் இடது மார்பு காலியாக இருந்தது. பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும், ஒரு வேளை கொடுக்கத் தவறினாலும் பால் எப்படிக் கட்டிக்கொண்டு உயிரை வாங்கும் என்று. காலையிலிருந்து குழந்தைக்கு வலப்பக்கம் மட்டும்தான் கொடுத்திருந்தாள். இடப்பக்கம் இந்நேரம் கல்லாகி, நைட்டி நனைந்து, துணி பட்டாலே வலித்திருக்க வேண்டும். அது தளர்ந்து துவண்டு கிடந்தது. காம்பு மட்டும் ஈரமாக இருந்தது, வெதுவெதுப்பான ஈரம்.

சேலைத் தொட்டில் அசையாமல் தொங்கியது. உள்ளே குழந்தை முஷ்டியை மூடிக்கொண்டு தூங்கினாள். வெளியே ஐப்பசி மழை. கோச்சடையின் அந்தத் தெருவில் பட்டப்பகலிலேயே விளக்குப் போடவேண்டிய இருட்டு. அடுப்படியில் அம்மா ராதாமணி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பாப்பாவத் தூக்கிட்டு வந்து எங்கிட்டப் போட்டியா?"

"நான் எதுக்குப் போடப் போறேன்? தூங்குற பிள்ளைய யாராச்சும் எழுப்புவாங்களா? கனவு கண்டிருப்ப, படு."

தாயும் மகளும் வீட்டில் சௌராஷ்ட்ரம்தான் பேசுவார்கள். ராதாமணிக்குக் கவலை வந்தால் மட்டும் பேச்சு தமிழுக்குத் தாவிவிடும். பிரசவம் ஆன நாளிலிருந்து அவள் வாயில் தமிழைத் தவிர வேறு எதுவும் வரவில்லை.

பிறந்தது இரட்டை. முதலில் வந்தவன் ஆண். அவன் அழவில்லை. தலைகீழாகப் பிடித்தார்கள், முதுகைத் தேய்த்தார்கள், யாரோ யாரையோ அவசரமாகக் கூப்பிட்டார்கள், அவன் அழவே இல்லை. பின்னால் வந்த பெண் கூரை பிய்ந்துகொள்ளும்படி கத்தினாள். இருவரின் நஞ்சுக்கொடியும் ஒட்டி ஒன்றாகவே வளர்ந்திருந்தது. அப்படி ஒட்டினால் அபூர்வமாக ஒன்றின் ரத்தம் மற்றதற்குப் போய்விடும் என்று ஸ்கேன் எடுத்தபோதே சொல்லியிருந்தார்கள். சொன்னதென்னவோ சொன்னார்கள், கேட்டவளுக்குத்தான் அது தன் வயிற்றில் நடக்கும் என்று தோன்றவில்லை.

அந்தக் கொடி இப்போது பிரிட்ஜ் கதவில், பெருங்காய டப்பாவுக்கும் சாஸ் பாட்டிலுக்கும் நடுவில், மாத்திரைகளாக உட்கார்ந்திருந்தது.

அது பவதாரிணியின் கைவேலை. பூவும் குழந்தைப் பாதமுமாகப் படம் போட்டு இன்ஸ்டாகிராமில் பக்கம் வைத்திருப்பவள். பிரசவம் ஆனவுடன் ஐஸ் டப்பாவோடு வந்து கொடியை வாங்கிப்போய், ஆவி காட்டி, உலர்த்தி, பொடித்து, கேப்சூலில் அடைத்துத் தருவாள். பால் பெருகுமாம், முடி கொட்டாதாம், மனச்சோர்வு அண்டாதாம். பிரசவம் பார்த்த டாக்டரம்மா கேட்டவுடனேயே முகத்தைச் சுளித்தார். "அதுல பலன் இருக்குன்னு ஆதாரமே கெடையாதும்மா. அந்தச் சூட்டுல கிருமியெல்லாம் செத்துருச்சான்னு யாரு பாத்தா? நீ தின்னுட்டு அந்தப் பாலத்தான் பிள்ளைக்குக் குடுக்கப்போற. வேணாம், விட்டுரு." ரம்யாஸ்ரீ தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, வெளியே வந்ததும் பவதாரிணிக்குச் செய்தி அனுப்பினாள்.

கேள்வியே கேட்காமல் ஒப்புக்கொண்டாள் என்று சொன்னால் பொய். மிக்ஸி வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறவள் அவள். எந்தப் பாத்திரத்தில் வேகவைப்பீர்கள், வேறு ஆளுடையதோடு கலந்துவிடாதா, எத்தனை நாள் கெடாது, எல்லாம் கேட்டாள். ஒன்றை மட்டும் கேட்கவில்லை. ஒரு கொடிக்கு இரண்டு பிள்ளை இருந்து, ஒரு பிள்ளை போய்விட்டால், அந்தக் கொடியைத் தின்னலாமா? பாவம், எந்தக் கர்ப்பிணிக்கு அப்படிக் கேட்க வாய் வரும்?

முட்டைகூடப் படியேறாத வீடு அது. ராதாமணியிடம் இரும்புச்சத்து மாத்திரை என்று சொல்லிவைத்திருந்தாள். பால் பெருகட்டும் என்றுதான் முதல் மாத்திரையைப் போட்டாள். அப்புறம் போட்டதெல்லாம் அதற்காக இல்லை. அவன் முகத்தை ஒரே ஒரு தடவை, துணியை விலக்கிக் காட்டியபோது பார்த்திருந்தாள். உதடு ஊதா நிறம். காது மடல் அவன் அப்பாவுடையது. அவனில் மிச்சம் இந்தப் பாட்டிலில்தான் இருந்தது. விழுங்கும்போதெல்லாம் அவனைத் திரும்ப வயிற்றுக்குள் வைத்துக்கொள்வதாக நினைத்தாள். அதில் அவளுக்கு ஆறுதல் இருந்தது.

மறுநாள் மத்தியானமும் இடப்பக்கம் காலி. அதற்கு அடுத்த நாளும்.

தூங்காமல் இருந்து பார்ப்பது என்று ஒரு நாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மழை தகரக் கூரையில் விழும் சத்தம், பக்கத்து வீட்டு டிவியில் ஏதோ சீரியலின் அழுகை, தொட்டிலிலிருந்து வரும் வசம்பு வாசனை, அடுப்படியிலிருந்து பூண்டுக் குழம்பு, எல்லாம் வழக்கம்போல் இருந்து, கொஞ்சம் கொஞ்சமாக அந்த வாசனைகளுக்கு அடியிலிருந்து இன்னொன்று மேலே வந்தது. பிரசவ அறையின் வாசனை. ரத்தமும் வெந்நீரும் கலந்த, துருப்பிடித்த இரும்பு வாசனை. இடது கை தானாக மடங்கியது. மடங்கிய கைக்குள் ஒரு கனம் வந்து உட்கார்ந்தது. பெரிய கனம் இல்லை, அரைப்படி அரிசி இருக்கும். குளிர்ந்திருந்தது. பிறகு மார்பில் அந்த இழுப்பு. சிறிய, பொறுமையான இழுப்பு. நடுவில் விழுங்கும் சத்தம்.

அவள் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. கை இன்னும் கொஞ்சம் வளைந்து கொடுத்தது, அவ்வளவுதான்.

"யாருக்குடி மடி குடுத்துட்டு உக்காந்திருக்க?" ராதாமணி வாசலில் நின்றாள், கையில் குழம்புக் கரண்டியோடு. "பிள்ளை தொட்டில்ல அழுதுட்டுக் கெடக்கு. காது கேக்கலையா?"

கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கவில்லை.

தடுப்பூசி போடப் போன இடத்தில் குழந்தையை எடைத் தட்டில் படுக்கவைத்த டாக்டர் முள்ளைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், தாயைப் பார்த்தார். ஏற வேண்டிய எடை இறங்கியிருந்தது. ஒரு வாரத்தில் தேறவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும், இம்புட்டுச் சின்ன உடம்பு ரொம்ப நாள் தாங்காது என்றார். பால்பொடி எழுதிக் கொடுத்தார். அதைக் கரைத்துக் கொடுத்தால் குழந்தை அப்படியே கக்கினாள். வலப்பக்கப் பாலும் வர வரக் குறைந்தது. குளிப்பாட்டும்போது விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட்டன. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இங்கே யார் வாய் யார் வயிறு என்றே தெரியவில்லை.

அன்றே மாத்திரையை நிறுத்தினாள்.

நிறுத்திய மறுநாள் மத்தியானம் யாரும் வரவில்லை. இடது மார்பு கட்டி, காய்ச்சல் வந்து, கை தூக்க முடியாமல் படுத்திருந்தாள். அந்த வலியில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. அப்போதுதான் அழுகை கேட்டது. தொட்டிலிலிருந்து இல்லை. மகளின் அழுகை அவளுக்குத் தெரியும். இது ஈரமான அழுகை. தொண்டையில் தண்ணீர் அடைத்துக்கொண்டு, தொடங்கித் தொடங்கி நின்று, எப்படி அழுவது என்று பழகிப் பார்க்கிற அழுகை.

அவன் பிறந்தபோது வராத அழுகை.

ஆஸ்பத்திரியில் அதற்காகத்தானே காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள்? அந்த ஒரு சத்தத்துக்காகச் சாமியெல்லாம் கூப்பிட்டாளே. இப்போது வந்துவிட்டது. மகன் அழுகிறான். பசித்து அழுகிறான். எந்தத் தாய் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள்? எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய், பிரிட்ஜைத் திறந்தாள். பாட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினாள். அழுகை நின்றது. இரும்பு வாசனை வந்தது. கையில் கனம். அவள் அவனுக்குக் கொடுத்துக்கொண்டே அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை சூரியபிரகாஷ் மேலூரிலிருந்து வந்தான். அங்கே ஒரு கிரானைட் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான், வாரம் ஒருமுறைதான் மனைவியைப் பார்க்க வரமுடியும். மகளைத் தூக்கியவன் முகம் செத்துப்போயிற்று. போன வாரம் தூக்கியதைவிடக் கை லேசாகத் தூக்கிக்கொண்டது. ரம்யாஸ்ரீ அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரிப்பான் என்றோ, டாக்டரிடம் போவோம் என்பான் என்றோ எதிர்பார்த்தாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லல ரம்யா. அன்னைக்கு நம்ம பயல ஊருக்குக் கொண்டு போனேன்ல, தோட்டத்துல குழி தோண்டிட்டு அப்பா கேட்டாரு, கொடி எங்கடான்னு. எங்க பக்கம் செத்துப் பிறந்த பிள்ளைன்னா கொடியையும் அதுகூடத்தான் வைப்பாக. எனக்கு அது தெரியாம இல்ல. ஆனா அதுக்குள்ள அந்தப் பொண்ணு டப்பால வாங்கிட்டுப் போயிருச்சு. நீ வேற அத அம்புட்டு ஆசையாக் கேட்டிருந்த. ஆஸ்பத்திரியில எடுத்துப் போட்டுட்டாகன்னு சொல்லிட்டேன்."

"மாமா என்ன சொன்னாங்க?"

"மண்வெட்டியக் கீழ வச்சாரு. 'கொடி இல்லாமப் போற பிள்ளை பசிக்குத் திரும்புமேடா'ன்னாரு. அம்புட்டுத்தான். அதுக்கப்பறம் மண்ணத் தள்ளிட்டாரு."

மழை வலுத்தது. அடுத்த அறையில் ராதாமணி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டித் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலிலும் அழுகை இருந்தது.

"மிச்சம் இருக்குறதக் குடு. இப்பவே கல்லுப்பட்டித் தோட்டத்துக்குக் கொண்டு போயி அவன்கிட்டயே வச்சுட்டு வாரேன். இவளையாச்சும் காப்பாத்தணும்ல?"

இவளையாவது. அந்தச் சொல்லில் மகன் போய்விட்டான், அவள் கண்ணெதிரிலேயே இரண்டாம் தடவை போய்விட்டான். ரம்யாஸ்ரீ பாட்டிலை எடுத்துவந்து, தன் கைக்குட்டையில் சுற்றி, கொடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தாள்.

"மழையில நனையாமக் கொண்டு போங்க," என்றாள்.

சாயங்காலம் போன் வந்தது. குழியில் அவனருகே வைத்துவிட்டார்களாம். மாமனார் முத்திருளனும் கூட இருந்தாராம். பாலூற்றிக் கும்பிட்டார்களாம். ராத்திரி இடப்பக்கம் பால் சுரந்து, நிறைந்து, வழிந்தது. குடிக்க யாரும் இல்லை. வழிந்த பாலைப் பார்த்து அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். விடிந்ததும் மகளைப் பல நாளுக்குப் பிறகு இடப்பக்கம் போட்டாள். குழந்தை ஆவென்று கவ்விக்கொண்டது. மடக் மடக்கென்று குடித்தது. கக்கவில்லை.

"மீனாட்சியம்மன் கண்ணத் தொறந்துட்டா," என்றாள் ராதாமணி. திருஷ்டி சுற்றிப் போட்டாள். மறுநாளும் குழந்தை குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் காலியாகும்வரை குடித்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் மழை விட்டிருந்தது. ராதாமணி குடையை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனாள். குழந்தை பக்கத்தில், துணியில் சுற்றிய பொட்டலமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். இம்புட்டுக் குடித்தும் முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கிறது என்று ரம்யாஸ்ரீ பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டோரம் லேசான ஊதா. குளிராக இருக்கும் என்று நினைத்தாள். போர்த்திவிடக் கையை நீட்டினாள்.

வாசனை வந்தது.

கை மடங்கவில்லை. கனம் வரவில்லை. மார்பில் எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சத்தம் இருந்தது. சிறிய, பொறுமையான இழுப்பு. விழுங்கும் சத்தம். மறுபடி இழுப்பு.

துணிக்குள்ளிருந்து.

அவள் தின்றது போக மிச்சம்தான் மண்ணுக்குப் போயிருக்கிறது. தின்றது? அவளுக்குள் போனது. பாலில் போனது.

முடிச்சை அவிழ்த்தாள். ஒரு மடிப்பு. இன்னொரு மடிப்பு. துணி நனைந்திருந்தது. என்றைக்கோ ஆறிப்போன தொப்புள். அது திறந்திருந்தது. சிவப்பாக. ஈரமாக. உள்ளே போனது. வெளியே வந்தது. உள்ளே போனது. ஒவ்வொரு தடவையும் குழந்தையின் வயிறு குழிந்தது. கன்னம் ஒட்டியது. குழந்தை கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். அழவில்லை. அழ அவளிடம் எதுவும் மிச்சமில்லை.

ரம்யாஸ்ரீ உள்ளங்கையால் அதைப் பொத்தினாள். கைக்கு அடியில் சின்ன ஈறுகள் தடவின.

அவளுக்கு இரண்டு மார்பிலும் பால் சுரந்து வழிந்தது. அவள் குனிந்தாள். மகளின் வயிற்றருகே வாயைக் கொண்டுபோய், தூங்கவைக்கும்போது பேசுகிற குரலில் பேசினாள்.

"மெதுவாடா கண்ணு. தங்கச்சி தாங்க மாட்டா."

சத்தம் நின்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, அது மறுபடி தொடங்கியது.