துணிக்குள் ஓர் அண்ணன்

சுண்டுவின் அண்ணனுக்கு ஒரு ஆசை பிடித்தது. சனிக்கிழமைக்குள் கையில் தசை ஏற வேண்டும். அன்றுதான் பள்ளியில் குண்டு எறியும் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். போன வருடம் நூலிழையில் இடத்தைக் கோட்டைவிட்டவன் அவன்.

வீட்டுக்குக் கீழேயே அப்பாவின் ரொட்டிக்கடை. எடை தூக்க வேறெங்காவது போவானேன்? மைதா மூட்டையைத் தூக்கினான், இறக்கினான், மறுபடி தூக்கினான். மூச்சு வாங்கினால் ஓய்வெடுத்தானா என்றால் அதுவும் இல்லை, தண்டால் எடுத்தான்.

"சுண்டு, கை பெருசாயிருக்குல்ல?"

"கொசு கடிச்ச இடம் மட்டும் பெருசாயிருக்கு."

புதன்கிழமை காலையில் அண்ணனால் கையைத் தூக்கவே முடியவில்லை. பல் துலக்கும் பிரஷை ஜன்னல் கம்பியில் செருகிவிட்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தான். சுண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் சட்டை மாட்டும்போது அவன் கண்ணில் நீர் முட்டியதைப் பார்த்ததும் அவளுக்குப் பாவமாகிவிட்டது.

"அப்பாகிட்ட சொல்லிடலாம்ணா."

"மூச்சு விடாதே. போட்டிக்கே அனுப்ப மாட்டார். வலிச்சாதான் வளரும்."

சாயங்காலம் பார்த்தால், அண்ணன் மறுபடி மூட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பாதி தூக்கியதுமே பொத்தென்று போட்டுவிட்டு, பக்கத்தில் சுருண்டு படுத்தான்.

சுண்டுவுக்குப் பயம் வந்துவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தாள். மேஜைமேல் பிசைந்த மாவு, ஈரத் துணிக்குள் சமர்த்தாகக் கிடந்தது. கதவோரம் அவளே செய்த பழைய ரொட்டி கிடந்தது. சீக்கிரம் உப்ப வேண்டும் என்று அவள் விடாமல் பிசைந்து, நொடிக்கொரு தரம் குத்திக் குத்திப் பார்த்த ரொட்டி. கல்லாகிப் போய், அன்றிலிருந்து கடைக்கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது.

இன்னொரு துணியை நனைத்து எடுத்து வந்து அண்ணன்மேல் போர்த்தினாள்.

"என்னடி இது?"

"பிசைஞ்சது போதும். இனி சும்மா கிடக்கணும்."

"நான் என்ன மாவா?"

"மாவா இருந்தா சொன்ன பேச்சு கேக்கும்." கதவைக் காட்டினாள். "அது மாதிரி ஆகணுமா?"

அண்ணன் அந்த ரொட்டியையே பார்த்தான். தலையையும் துணிக்குள் இழுத்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து அப்பா உள்ளே வந்தார். மாவு உப்பிவிட்டதா என்று துணியைத் தூக்கினார்.

"இது எந்த ரொட்டி?"

குட்டு உடைந்தது. அப்பா திட்டவில்லை, நேரே டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் கையை அமுக்கிப் பார்த்தார்.

"சனிக்கிழமை வரைக்கும் ஒரு சாமானையும் தூக்காதே. நல்லா சாப்பிடு, தண்ணி குடி, தூங்கு. அப்பவும் வலி இருந்தா எறியக் கூடாது."

அண்ணன் தூங்கினான். எழுப்பினாலும் தூங்கினான். அவன் மூட்டைப் பக்கம் போய்விடாமல் சுண்டு காவல் இருந்தாள்.

சனிக்கிழமை வலி போயிருந்தது. எறிந்தான். எப்போதும் விழும் இடத்தைவிடக் கொஞ்சம் தள்ளி விழுந்தது குண்டு. அணியில் கடைசி ஆளாக இடம் கிடைத்தது.

விளையாட்டு மாஸ்டர் அவன் தோளைத் தட்டினார். "தசை எல்லாம் ஒரு வாரத்துல வராதுப்பா. மாசக்கணக்காகும். வாரத்துல மூணு நாள், என் கண் முன்னாடி பயிற்சி பண்ணு."

"மீதி நாள் என்ன சார் செய்யறது?"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற சுண்டு, பையிலிருந்து துணியை எடுத்து உதறினாள்.