பேனா, கடிகாரம், சாவி

தண்ணீரைக் குடித்துவிட்டுக் கீழே வைக்கும்போதுதான் அன்னக்கொடி கவனித்தாள். கையிலிருந்த பொருளுக்குப் பெயர் வரவில்லை. எவர்சில்வர், விளிம்பில் ஒரு நசுங்கல், ஆனையூர் வீட்டிலிருந்து வந்தது, எல்லாம் தெரிந்தது. பெயர் இருந்த இடம் மட்டும் வழுவழுவென்று காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ‘டம்ளர்’ என்று வந்தது. வந்த பிறகும், வேறு யாரோ எடுத்துக் கொடுத்தது போலத்தான் இருந்தது.

பரவை மார்க்கெட்டில் பூண்டு, வெங்காய மண்டி வைத்திருப்பவள் அவள். ஏலம் விட்டால் குரல் திண்டுக்கல் ரோடு வரைக்கும் கேட்கும் என்பார்கள். இப்போது இருப்பது ஆஸ்பத்திரியில், ஜன்னல் இல்லாத தனியறை. கிருமி தொற்றிவிடும் என்று கதவைத் திறக்க விடுவதில்லை. ஒரு பக்கச் சுவர் கண்ணாடி; பார்க்க வருகிறவர்கள் அதற்கு வெளியே நின்று மைக்கில் பேச வேண்டும்.

ரத்தத்தில் கிருமி என்றுதான் கணவர் நல்லகாமன் சொல்லியிருந்தார். புற்றுநோய் என்று அவளுக்குத் தெரியும். மகனின் செல்போனில் எல்லாம் படித்திருந்தாள். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கலாம். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை மகள் திவ்யாவுக்குப் பூ வைத்து நிச்சயம் செய்ய மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். சம்பந்தி வீட்டைப் பொறுத்தவரை அன்னக்கொடிக்கு வயிற்றுவலி. புற்றுநோய் என்ற சொல் ஒரு வாயில் வந்தால் இன்னொரு காதுக்குப் போய்விடும். அதனால் யார் வாயிலும் வரவில்லை.

அவள் ரத்தத்திலிருந்து சில அணுக்களைப் பிரித்து, வேறு ஊர் ஆய்வகத்துக்கு அனுப்பி, புற்றைத் தேடிக் கொல்லும்படி அவற்றை மாற்றி, உறைய வைத்துக் கொண்டுவந்து, திரும்ப அவளுக்குள்ளேயே ஏற்றியிருந்தார்கள். ஏற்றிய அன்று அறை முழுக்கப் பூண்டு வாடை. உறைய வைக்கச் சேர்த்த மருந்தின் வாடை, போய்விடும் என்றார்கள். மற்றவர்களுக்குப் போய்விட்டது. அன்னக்கொடிக்கு மட்டும் இன்னும் வந்துகொண்டிருந்தது, மூட்டையின் அடியில் ஈரம் பட்டு அழுகும் பூண்டைப் போல, அவள் தோலுக்கு அடியிலிருந்து. காற்று இயந்திரத்தின் இரைச்சலுக்குக் கீழே இன்னொரு சத்தமும் கேட்டது. மூடிய கடைக்குள் எலி சாக்கைக் கொறிப்பது போல, மெதுவாக, நிறுத்தாமல். காதைப் பொத்தினாள். சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்டது.

நர்ஸ் இந்துப்ரியா தினமும் சின்னப் பிள்ளையிடம் கேட்பது போல அதே மூன்று பொருட்களை அதே வரிசையில் காட்டிப் பெயர் கேட்பாள். எதற்கு என்று அன்னக்கொடிக்கு யாரும் சொன்னதில்லை. தப்பாகச் சொன்னால் வியாழக்கிழமை வீட்டுக்கு விடமாட்டார்கள் என்பது மட்டும் அவளுக்கே தோன்றியது. காலையிலிருந்து உருப்போட்டாள். பேனா, கடிகாரம், சாவி.

“என்ன மண்டிக்காரம்மா, இன்னைக்கு ஏலம் எம்புட்டுல நிக்கிது?”

“ஒன்னயத்தாண்டி ஏலம் விடணும். ஒரு பய கேக்க மாட்டான்.”

இந்துப்ரியா சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். “இது?”

“பேனா.”

“இது?”

“கடியாரம்.”

“இது?”

“சாவி.”

சொல்லி முடித்த பிறகுதான் அன்னக்கொடி அந்தக் கையைப் பார்த்தாள். பளபளவென்று ஏதோ இருந்தது. எதற்கானது என்று தெரியவில்லை.

“சூப்பர்மா. பேச்சு தடுமாறுச்சுன்னா மட்டும் ஒடனே சொல்லிருங்க. மருந்து இருக்கு, போட்டாச் சரியாயிரும். மறைச்சீங்கன்னா மூளை வீங்கிரும். அன்னைக்கே அப்பாட்டச் சொன்னோம். சொன்னாருல்ல?”

“சொன்னாரு,” என்றாள் அன்னக்கொடி. கணவரை விட்டுக்கொடுக்க மனசில்லை.

கதவு மூடியது.

சொல்லிவிட வேண்டும். பூ வைப்பது தள்ளிப் போனால் போகட்டும். கூப்பிட ஒன்று உண்டு, அழுத்தினால் நர்ஸ் வருவாள். கட்டிலோரம்தான். பார்த்தாள். வெள்ளையாக ஒன்று தொங்கியது. பக்கத்தில் இன்னொன்று. வெள்ளையாக நிறைய இருந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தாள். தலையணை கீழே விழுந்தது.

கொறிக்கும் சத்தம் நின்றது.

சுவரில் ஸ்பீக்கர் கரகரத்தது. கண்ணாடிக்கு வெளியே நல்லகாமன். கையில் செல்போன், அதில் திவ்யாவின் முகம்.

“அன்னம், சாப்ட்டியா?”

“சாப்ட்டேன்.”

மேசைமேல் தட்டு மூடியபடியே இருந்தது. இல்லை என்று சொல்ல வந்தாள். எனக்குள்ளே ஏதோ நடக்கிறது, அந்த நர்ஸ் பிள்ளையைக் கூப்பிடுங்கள் என்று சொல்ல வந்தாள். நெஞ்சில் வாக்கியம் முழுசாக இருந்தது. வாயைத் திறந்தாள்.

“சாப்ட்டேன்.”

“சரி சரி. அவுக பத்து மணிக்கெல்லாம் வந்துருவாகளாம். பந்திக்கு எம்புட்டுப் பேருன்னுதான்...”

“சாப்ட்டேன்!”

நல்லகாமன் ஒரு கணம் விழித்தார். பிறகு சிரித்தார். “ஒன்னயக் கேக்கலடி, அவுக பந்தியச் சொன்னேன்.” போனைப் பார்த்துத் திரும்பினார். “ஒங்காத்தா கொழுப்பப் பாத்தியா? பழைய ஆளா ஆயிட்டா.”

“யம்மா!” திவ்யாவின் குரல் கண்ணீரும் சிரிப்புமாக ஸ்பீக்கரில் வந்தது. “பேசும்மா. ஒன் சத்தத்தக் கேட்டு எம்புட்டு நாளாச்சு!”

நல்லகாமன் போனைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தார்.

பேசக் கூடாது. இனி ஒரு சொல்லும் கூடாது. பேசாவிட்டால் பயப்படுவார்கள். பயந்தால் யாரையாவது கூப்பிடுவார்கள். அன்னக்கொடி பல்லைக் கடித்தாள். இரண்டு கைகளாலும் வாயை இறுக்கிப் பொத்தினாள். உள்ளங்கைக்கு அடியில் உதடுகள் அசையவில்லை.

“சாப்ட்டேன்,” என்றது அவள் குரல்.

நிமிர்ந்தாள். கண்ணாடியில் பிரதிபலித்த அன்னக்கொடியின் கைகள் மடியில் இருந்தன. அந்த வாய் நிதானமாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் நல்லகாமன், அந்த வாயையே பார்த்து, தலையாட்டித் தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.