இரண்டு முறை அழுத்தினால்

அக்காவின் கை இவ்வளவு சில்லென்று இருந்து அவளுக்குப் பழக்கமில்லை.

முகம் முழுக்கப் பிளாஸ்டர் சாந்து. நெற்றி, இமைகள், உதடுகள் எல்லாம் அதற்கு அடியில். மூக்கில் செருகிய இரண்டு குழல்கள்தான் வெளியுலகோடு அவளுக்கிருந்த உறவு. அவற்றின் வழியே ஈரச் சுண்ணாம்பு வாசனையும், அடுப்பில் உருகும் தேன்மெழுகின் இனிப்பும், பழைய அலமாரிகளின் புழுக்கமும் கலந்து வந்தன. அவளுடைய மூச்சே, பக்கத்தில் யாரோ படுத்துச் சீழ்க்கை அடிப்பதுபோல் திரும்பி வந்து கேட்டது. சாந்து குழைத்த கையை அக்கா கழுவியிருப்பாள், அதுதான் இந்தக் குளிர்ச்சி என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மருத்துவ வரலாற்றுத் துறையின் காட்சிக்கூடம் அது. சுவர் நெடுக மெழுகு முகங்கள். அம்மை, தொழுநோய், பெயர் மறந்துபோன காய்ச்சல்கள். வண்ணப் படங்கள் வராத காலத்தில், பாடம் நடத்துவதற்காக நோயாளிகளின் முகத்தில் அச்செடுத்து வார்த்தவை. ஒவ்வொன்றின் கீழும் வைத்தியரின் பெயர் இருக்கும். முகத்துக்குச் சொந்தக்காரரின் பெயர் இருக்காது. அந்தப் பெயர்களைத் தேடித்தான் அவளுடைய இளமை கரைந்தது. மாணவர்கள் வைத்த பட்டப்பெயர், 'மெழுகு'. அந்த ஆய்வு இப்போது புத்தகமாகிறது. அதை நம்பித்தான் பேராசிரியர் பதவி.

அட்டைப்படத்துக்குப் பழைய முறையில் அவள் முகத்தையே வார்க்கலாம் என்பது அக்காவின் யோசனை. உடன்பிறந்த அக்கா இல்லை. துறையில் மூத்தவள், இந்த வேலையையே வாங்கிக் கொடுத்தவள். சாந்து பூசுமுன் கேலி செய்தாள்.

"மூக்கு அரிச்சா இப்பவே சொல்லிடுடி. அப்புறம் தலைகீழா நின்னாலும் சொறிய முடியாது."

"கையை மட்டும் விட்டுடாதக்கா."

"விடுவேனா? மூச்சு முட்டினா ரெண்டு அமுக்கு. உடனே பிச்சு எடுத்துடறேன்."

அவள் சிரித்துவிட்டு விளக்கினாள். பழைய வார்ப்பறையில் இரண்டு அழுத்தத்துக்கு அர்த்தமே வேறு. அதுவும் அவள் கண்டுபிடித்ததுதான். மூச்சின் ஈரத்தில் குழல் அடைத்துக்கொள்ளும். நோயாளி இரண்டு முறை அழுத்தினால், கை பிடித்திருப்பவர் குழலை உருவிவிட்டு வேறு செருகுவார். இறுகும்வரை அச்சைக் கழற்றும் பேச்சே கிடையாது.

"கல்நெஞ்சுக்காரனுங்க," என்றபடி அக்கா அவளது வலது மணிக்கட்டை நாற்காலியோடு துணியால் கட்டினாள். அசையாமலிருக்க அப்படிக் கட்டுவதும் பழைய முறைதான். காதுகளில் பஞ்சு வைத்தாள். சாந்து பூசி முடிந்ததும் ஒரு கை வந்து அவளது இடது கையைப் பற்றிக்கொண்டது.

அப்போதுதான் அந்தக் குளிர்ச்சி.

கல்லூரி விடும் மணி அடித்தது. மாடிப்படியில் மாணவர்களின் காலடி தடதடத்து ஓய்ந்தது. கதவு கிரீச்சிட்டது. இடது காதின் பஞ்சு எப்போதோ நழுவியிருந்தது.

"யாரும்மா அது, எகிப்து மம்மியா?" துறைத் தலைவரின் குரல்.

"நம்ம மெழுகுதான் சார். காதுல பஞ்சு இருக்கு, தாராளமா பேசலாம்."

"புத்தகம் அச்சுக்குப் போயிடுச்சாமே. அட்டையில உன் பேரு மட்டும்தான் இருக்கு. இந்தப் பொண்ணு ஒத்துக்கிச்சா?"

"அவ தூசி தட்டினா சார், எழுதினது நான். முன்னுரையில ஒரு நன்றி போட்டிருக்கேன். அவ மூஞ்சி வேற அட்டையில வருது. இதுக்கு மேல என்ன?"

சாந்து இறுகும்போது சூடேறும். அந்தச் சூடா, உள்ளே எரிவதா என்று அவளுக்குப் பிரித்தறிய முடியவில்லை. அக்கா, அக்கா என்று காலைச் சுற்றி வந்ததற்குக் கூலி. கூடவே இருந்து பறித்த குழி. அதுவும் கையைப் பிடித்துக்கொண்டே...

கையைப் பிடித்துக்கொண்டே.

அக்காவின் குரல் வந்தது கதவருகிலிருந்து. கூடத்தின் மறுகோடி.

கை இங்கே இருந்தது.

"வாங்க சார், பதவி விஷயத்தை உங்க ரூம்ல பேசிக்கலாம். அவ எங்க ஓடிடப் போறா?"

சிரிப்பு. கதவு சாத்தும் சத்தம். செருப்பொலி தேய்ந்து மறைந்தது.

கை இங்கேயே இருந்தது.

விரல்களை மெல்லத் தடவினாள். அக்காவின் மோதிரம் இல்லை. நகம் இருந்தது. ரேகை இல்லை. ஒரே வழவழப்பு. சுவரில் இருப்பவை முகங்கள் மட்டும்தானே? கைகள் கிடையாதே? அத்தனை பேருடைய பெயரும் அவளுக்குத் தெரியும். அவளை அவர்களுக்குத் தெரியுமா?

உருவிக்கொள்ளப் பார்த்தாள். அவளது உள்ளங்கைச் சூட்டில் அது இளகியிருந்தது. தோலோடு ஒட்டிக்கொண்டு, இழுத்த பக்கமெல்லாம் நீண்டு வந்தது.

கத்தினாள். சாந்துக்குள் அது 'ம்' என்றுதான் ஒலித்தது. அழுகை மூக்கில் இறங்கியது. ஒரு குழல் அடைத்துக்கொண்டது. மூச்சு. மூச்சு வேண்டும். அக்கா சொன்னபடி அழுத்தினாள்.

ஒன்று. இரண்டு.

அழுத்திய பிறகுதான் அந்தப் பழைய அர்த்தம் உறைத்தது.

இடது குழல் வெளியே போனது. பதமாக. பலமுறை செய்து பழகிய நிதானத்தோடு.

காத்திருந்தாள்.

வேறு குழல் வரவில்லை.

வலது குழலும் நகர்ந்தது.

சுவர் நெடுக, ஒன்றன்பின் ஒன்றாக, யார் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.